கடிகாரம் சொன்ன ஐந்து கிலோமீட்டர்

போன வாரம் இந்தப் பகுதியில் ஊறுகாய் ஜாடியைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் ஆகாயத்தைப் பற்றி எழுதப் போகிறேன். "இதென்ன, அடுப்படியிலிருந்து ஒரே தாவாக ஆகாயத்துக்கா?" என்று கேட்காதீர்கள். ஆகாயம் இப்போதெல்லாம் நம் வீட்டுக் குழந்தைகளின் மணிக்கட்டிலேயே வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அவர்களைச் சிரிக்கவும் வைக்கிறது. சில சமயம் அழவும் வைக்கிறது. அழவைத்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என் தங்கையை உத்திரமேரூரில் கொடுத்திருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். நெல் வயல், ஏரி, சாலை ஓரத்தில் புளிய மரம் என்று இன்னும் கிராமத்து முகம் மாறாத ஊர். அவளுடைய பெண் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நல்ல ஓட்டக்காரி. விடிகிற வேளையில் எழுந்து ஏரிக்கரை வழியாக ஓடிவிட்டு, வந்து சாணம் தெளித்துக் கோலமும் போட்டுவிட்டுத்தான் பஸ் பிடிப்பாள்.

போன மாதம் தங்கை போன் செய்தாள். "அக்கா, பொண்ணு ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. நீ வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போ" என்றாள். குரலே சரியாக இல்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

விஷயம் இதுதான். காலேஜ் அணிக்கு 5,000 மீட்டர் ஓட்டத்தில் ஆள் எடுத்தார்கள். 22 நிமிஷத்துக்குள் ஓடினால் இடம் உண்டு. அணியில் சேர்ந்தால் சம்பளத்தில் சலுகையும் உண்டு. அந்தச் சலுகையை நம்பி வீட்டில் ஏதேதோ கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். பெண்ணுக்குத் தன்மேல் நிறைய நம்பிக்கை. ஏனென்றால் ஆறு மாதமாக அவள் கையிலே ஒரு கடிகாரம். என் தங்கை சீட்டுப் பணத்தில் வாங்கிக் கொடுத்தது. ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களைக் கேட்டு, எவ்வளவு தூரம் ஓடினோம் என்று சொல்லுமாம். தினமும் அது, "5 கிலோமீட்டர், 21 நிமிஷம் 50 விநாடி" என்று சொல்லிக்கொண்டே வந்தது. தேர்வு நாளன்று மைதானத்தில் ஓடினாள். 22 நிமிஷம் 45 விநாடி! இடம் போய்விட்டது.

"பெரியம்மா, ஊர்ல தினம் ஓடுற அதே ஓட்டந்தான் ஓடினேன். ஆனா அங்க கால் எழும்பல போல இருக்கு. நாலு பேர் பார்த்தா எனக்குப் பயம் வந்துடுது. நான் லாயக்கில்ல" என்று அந்தக் குழந்தை தலையைக் குனிந்துகொண்டு சொன்னபோது எனக்கு என்னவோ செய்தது. அவள் அப்பாவோ, "ஓடினது போதுங்க அக்கா. படிப்பைப் பார்க்கச் சொல்லுங்க" என்று முடித்துவிட்டார்.

எனக்கு ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இருபது வருஷமாக அரிசி அளந்து பழகிய கை. அதனால் ஒரு கேள்வி கேட்டேன்: "தினம் அஞ்சு கிலோமீட்டர்னு சொல்றியே, அது எங்கே முடியுது?"

"கடிகாரம் கிர்ருனு அதிர்ற இடத்துல நிறுத்திடுவேன். அநேகமா பால் சொஸைட்டி வாசல்ல. சில நாள் அதுக்கு முன்னாலயே அதிரும். சில நாள் தாண்டிப் பம்புசெட்டுக்கிட்ட."

கிளம்புகிற இடம் ஒன்று, வழி ஒன்று, முடிகிற இடம் மட்டும் நாளுக்கு ஒன்று! நாளுக்கு நாள் பெரிதும் சிறிதுமாகிற படியை வைத்துக்கொண்டு எந்தக் கடைக்காரனாவது அரிசி அளந்தால் நாம் சும்மா விடுவோமா?

நான் ஊருக்குத் திரும்பியதும் இதைப் பற்றிப் படித்தும், விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கஷ்டமான சமாசாரம் ஒன்றும் இல்லை.

கோயில் திருவிழாவில் வாணம் விடுகிறார்கள். தூரத்தில் வெளிச்சம் தெரிகிறது. சத்தம் சற்றுப் பொறுத்துத்தான் வருகிறது. எத்தனை விநாடி பொறுத்து வந்தது என்று எண்ணினால், வாணம் எத்தனை தூரத்தில் வெடித்தது என்று சொல்லிவிடலாம். செயற்கைக் கோள் செய்வதும் ஏறக்குறைய அதுதான். ஜி.பி.எஸ். என்னும் அமெரிக்கக் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது" என்று ரேடியோ அலையில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்த அலை நம் கைக்கு வந்துசேர ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு பிடிக்கும். எவ்வளவு தாமதமாக வந்தது என்பதிலிருந்து கடிகாரம் தூரத்தைக் கணக்கிடுகிறது. மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரியும். ஆனால் நம் கைக்கடிகாரத்தின் மணி அத்தனை துல்லியம் இல்லை. அந்தப் பிசகைச் சரிக்கட்ட நாலாவது கோளும் வேண்டும்.

இதில் எல்லாமே நேரத்தின் கணக்கு. ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தரையில் 300 மீட்டர் பிசகிவிடும்! அதனால்தான் ஒவ்வொரு கோளிலும் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் ஒரு வேடிக்கை. உயரத்தில் பூமியின் ஈர்ப்பு குறைவு. கோளின் வேகமோ ஜாஸ்தி. இந்த இரண்டும் சேர்ந்து, அங்கே உள்ள கடிகாரம் நம்முடையதைவிட நாளொன்றுக்கு ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடும் என்று ஐன்ஸ்டீன் வகுத்த கணக்குச் சொல்லுகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் பிசகு சேர்ந்துவிடும். நம் பெண் உத்திரமேரூரில் ஓடினால், கடிகாரம் அவளை வேறு ஊரில் ஓடவிட்டிருக்கும்!

நம் நாட்டுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. 2013-ல் முதல் கோளை அனுப்பினார்கள். 2016 ஏப்ரலில் ஏழாவதும் போய்ச் சேர்ந்தது. அதற்கு நாவிக் என்று பெயர். சில கோள்களில் அணுக் கடிகாரங்கள் நின்றுபோய்த் தொல்லை கொடுத்தன. 2023 மே 29-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன கோளில் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரம் வைத்தார்கள். கைக்கடிகாரம் போன்ற சிறு சாதனங்கள் சுலபமாகப் பிடிக்கக்கூடிய அலையையும் அதிலே சேர்த்தார்கள். 2025 ஜனவரியில் போன அடுத்த கோள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நூறாவது ராக்கெட்டில் போயும், உரிய பாதைக்குப் போக முடியவில்லை. ஆகாயத்துக் காரியத்திலும் கை நழுவுவது உண்டு.

சரி, இத்தனை துல்லியமான ஏற்பாட்டில் பால் சொஸைட்டி வாசல் எப்படி நகர்ந்தது?

கடிகாரம் ஓடுகிற வழி முழுவதையும் நூல் பிடித்து அளப்பதில்லை. கோலம் போடுகிறவர்கள் புள்ளி வைத்துக் கோடு இழுப்பதைப் போல, விநாடிக்கு ஒரு புள்ளி வைக்கிறது. பிறகு புள்ளிகளை இணைத்து நீளத்தைக் கூட்டுகிறது. திறந்த வெளியில்கூட ஒவ்வொரு புள்ளியும் சில மீட்டர் தள்ளி விழலாம். கை நடுங்குகிற பாட்டி நேர்க்கோட்டில் புள்ளி வைக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். அவற்றை இணைத்தால் கோடு நெளிந்து நெளிந்து போகும். நெளிந்த கோடு நேர்க்கோட்டைவிட நீளமாகத்தானே இருக்கும்? அதனால் நேரான சாலையில் கடிகாரம் காட்டும் தூரம் பெரும்பாலும் கூடுகிற பக்கமே சாயும். ஆஸ்திரியாவில் ஸால்ஸ்பர்க் நகர ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்குப் போட்டே நிரூபித்திருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. பேட்டரி சீக்கிரம் தீராமல் இருக்கச் சில கடிகாரங்கள் ஐந்தாறு விநாடிக்கு ஒரு புள்ளிதான் வைக்கும். சிக்குக் கோலத்துக்குப் பாதிப் புள்ளியை விட்டுவிட்டால் வளைவெல்லாம் போய் மூலைக்கு மூலை கோடாகிவிடாதா? அப்படி வளைவான பாதையில் தூரம் குறைந்து காட்டும்.

புள்ளி ஏன் தள்ளி விழுகிறது என்றால், அதற்கும் காரணம் உண்டு. கோபுரத்துக்கு எதிரே நின்று கூவினால் நம் குரல் திரும்பி வருகிறதல்லவா? ரேடியோ அலையும் சுவரில் பட்டுத் திரும்பிச் சுற்றிக்கொண்டு வரும். நேரே வந்ததைவிடத் தாமதமாக வருவதால், கோள் இன்னும் தூரத்தில் இருப்பதாகக் கடிகாரம் ஏமாந்துபோகும். சென்னையில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஓடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை ஜாஸ்தி; மெரினா கடற்கரையில் குறைவு. உத்திரமேரூரில் அடுக்குமாடி இல்லை. ஆனால் புளிய மரங்கள் இருக்கின்றன. அடர்ந்த இலை, அதுவும் மழையில் நனைந்த இலை, அலையை மங்க அடித்துவிடும். போதாததற்கு ஓடுகிறவர் கை முன்னும் பின்னும் வீசிக்கொண்டே இருக்கிறது. உடம்பே பாதி ஆகாயத்தை மறைக்கிறது.

நம் பக்கத்து ஆகாயத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் மேல் போகிறது. கேரளத்தில் தும்பா என்ற மீனவர் கிராமத்திலிருந்து 1963 நவம்பர் 21-ல் நம் நாட்டின் முதல் ராக்கெட்டை விட்டதற்குக்கூட அந்தக் கோடு அங்கே போனதுதான் காரணம். இந்தப் பிரதேசத்தில் மேல் ஆகாயத்தில் உள்ள மின்னேற்றப் படலம் சற்றுச் சஞ்சலப் பேர்வழி. சில மாதங்களில் அந்தி சாய்ந்த பிறகு அதிகமாகவே கலங்கும். அலை அதைக் கடக்கும்போது தாமதப்படுகிறது. இரண்டு விதமான அலைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கடிகாரங்கள் இப்போது வருகின்றன. ஒரே படலத்தில் இரண்டும் வெவ்வேறு அளவு தாமதப்படுவதால், வித்தியாசத்தைப் பார்த்துப் பிசகைக் கழித்துவிடும். அவற்றின் விலை அதிகம். சீட்டுப் பணத்தில் வாங்கியது ஓரலைக் கடிகாரம்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஆனால் என் தங்கை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"ஏம்மா, ஆகாயத்தைக் கேட்டது இருக்கட்டும். தரையைக் கேட்டியா?" என்று பெண்ணைப் பார்த்துக் கேட்டுவிட்டு, தம் பழைய சைக்கிளை வெளியே எடுத்தார்.

முதலில் பள்ளிக்கூட மைதானத்தில் நாடா வைத்து 100 மீட்டர் அளந்தார். முன் சக்கரத்தின் கம்பியில் சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கட்டினார். 100 மீட்டருக்குச் சக்கரம் 45½ சுற்றுச் சுற்றியது; நாலு தடவை ஓட்டிப் பார்த்தும் அதேதான். பிறகு பெண் ஓடும் வழியில் சைக்கிள் புறப்பட்டது. பின்னால் காரியரில் அவள் தம்பி. ரிப்பன் நூறு தடவை மேலே வந்ததும் ஒரு புளியங்கொட்டையைப் பையில் போடுவது அவன் உத்தியோகம். பால் சொஸைட்டி வாசலில் இறங்கியபோது பையில் 21 கொட்டை. மேற்கொண்டு 84 சுற்று. ஆக 2,184. ஐந்து கிலோமீட்டருக்கு 2,275 சுற்று வரவேண்டும். கணக்குப் போட்டால் 4,800 மீட்டர்தான்!

பெண் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 4,800 மீட்டரை 21 நிமிஷம் 50 விநாடியில் ஓடுகிற வேகத்தில் 5,000 மீட்டர் ஓடினால் எவ்வளவு? கூட்டி, வகுத்து, இரண்டு தடவை சரிபார்த்தாள். 22 நிமிஷம் 45 விநாடி. தேர்வு மைதானத்தில் அவள் ஓடிய அதே நேரம்! நாலு பேர் பார்த்ததும் அவள் கால் தளரவே இல்லை. ஊரில் ஓடியதைத்தான் அங்கேயும் ஓடியிருக்கிறாள். ஆறு மாதமாகக் கடிகாரம் அவளுக்கு 200 மீட்டர் கடன் கொடுத்து வந்தது. தேர்வு நாளன்று அதைத் திருப்பிக் கேட்டுவிட்டது.

"அப்போ நான் பயப்படல" என்றாள். அன்று ராத்திரி இரண்டு தோசை அதிகமாகவே சாப்பிட்டாள்.

மாஸ்டர் செய்தது கிராமத்து வித்தை என்று நினைக்காதீர்கள். உலகத்துப் பெரிய மாரத்தான் பந்தயங்களின் பாதையை இன்றைக்கும் சைக்கிளை வைத்துத்தான் அளக்கிறார்கள். சக்கரத்தில் ஒரு சின்ன எண்ணும் கருவி. நாடாவில் அளந்த நேர்ச்சாலையில் ஓட்டிச் சரிபார்த்துவிட்டு, பாதையின் மிகக் குறுகிய வழியாக ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று வீதம் கூடவே சேர்க்கிறார்கள். மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் தூரம் 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடியது. 1921-ல் அதுவே நிலையான அளவாயிற்று. உங்கள் வீட்டுப் பிள்ளை மாரத்தான் ஓடிவிட்டு வந்து, "என் கடிகாரம் 42.7 காட்டுது, பாதையைத் தப்பா அளந்துட்டாங்க" என்று கோபித்தால், சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் விலகி விலகி ஓடியதும், வளைவில் வெளிப்பக்கமாகப் போனதும், கடிகாரத்தின் நெளிகோடும் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

பூமியை அளப்பது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. 1802 ஏப்ரல் 10-ல் லாம்டன் என்ற ஆங்கிலேயர் பரங்கிமலைப் பக்கம் 100 அடி உருக்குச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளக் கோடு. சுமார் 400 தடவை சங்கிலியை எடுத்து எடுத்து வைக்க வேண்டியிருந்தது. வெயிலில் உருக்கு நீளும் என்பதால் சங்கிலிக்கு நிழல் கொடுத்து, பக்கத்தில் உஷ்ணமானியும் வைத்து அளந்தார்கள். இந்தியா முழுவதையும் அளந்த பெரிய வேலைக்கு அந்தக் கோடுதான் அஸ்திவாரம். வாரக் கணக்கில் வெயிலில் நின்று அளந்தவர், தம் சங்கிலியையே சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார். அதுதான் அவர் பெருமை.

உத்திரமேரூரில் இன்னும் பழைய பாடம் ஒன்று கல்லிலே இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள்; கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்லுகின்றன. யாருடைய பெயரைக் குடத்தில் போடலாம், யாருடையதைப் போடக் கூடாது என்று ஒரு பட்டியலே உண்டு. முன்னே வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய உறவினருக்கும் இடம் இல்லை. ஊர்க் காரியத்தில் இருந்தவர் எவரானாலும் கணக்குக் காட்டியே தீரவேண்டும்!

அந்தக் கோயிலுக்கு மறுநாள் எல்லோருமாகப் போனோம். பெண் கல்வெட்டைப் பார்த்துக்கொண்டே, "பெரியம்மா, இந்தக் கடிகாரமும் கணக்குக் காட்டல. எடுத்து எறிஞ்சிடவா?" என்றாள்.

"வேண்டாம்" என்றேன். எறியத்தான் வேண்டியதில்லை. சீட்டுப் பணம் அல்லவா? அதனால் ஆகிற காரியமும் நிறைய இருக்கிறது. அதனிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் இருப்பது என்று தெரிந்துகொண்டால் போதும். உங்கள் வீட்டிலும் ஓடுகிற குழந்தை இருந்தால், இதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடப் புறப்படுமுன் மரம், சுவர் இல்லாத இடத்தில் இரண்டு நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். கடிகாரம் கோள்களை நன்றாகப் பிடித்துக்கொள்ளட்டும். புறப்படுமுன் போனுடன் ஒரு தரம் இணைத்துவிட்டால் அன்றைக்குக் கோள்கள் இருக்கும் இடம் அதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். விநாடிக்கு ஒரு புள்ளி வைக்கும்படியும், ஒரு நாட்டுக் கோள் மட்டும் அல்லாமல் பல நாட்டுக் கோள்களையும் பிடிக்கும்படியும் அமைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் தீரட்டும். அந்தந்தக் கணத்து வேகத்தைப் பார்த்து உற்சாகப்படவோ வருத்தப்படவோ வேண்டாம், அது அலைபாயும். மைதானத்தில் ஓடும்போது தூரத்துக்குக் கடிகாரத்தைக் கேட்கவே கேட்காதீர்கள். உள்வட்டம் ஒரு சுற்று 400 மீட்டர். பன்னிரண்டரைச் சுற்று 5,000 மீட்டர். அங்கே கடிகாரம் நேரம் மட்டும் சொன்னால் போதும். நேரம் சொல்வதில் அது அரிச்சந்திரன்.

முக்கியமாக, தினமும் ஓடும் வழியை ஒரு தரமாவது சைக்கிளால் அளந்து, கிலோமீட்டருக்கு ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

உத்திரமேரூரில் மாஸ்டர் அப்படித்தான் செய்தார். ஏரிக்கரையில் ஒரு கல். புளிய மரத்தில் ஒரு சுண்ணாம்புப் பட்டை. ஐந்தாவது கிலோமீட்டர் முடிவில், பால் சொஸைட்டியைத் தாண்டி 200 மீட்டரில், ஒரு சிவப்புக் கோடு. அந்த 200 மீட்டர் முதல் வாரம் அவளுக்கு மலை ஏறுவதைப் போல இருந்ததாம். அவள் அப்பா "ஓடினது போதும்" என்று சொன்னவர், இப்போது காலையில் பால் ஊற்றப் போகும்போது சிவப்புக் கோட்டில் நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறாராம். இதைத் தங்கை சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நேற்றுப் பெண்ணே போனில் பேசினாள். "பெரியம்மா, சிவப்புக் கோட்டுக்கு இன்னிக்கு இருபத்திரண்டு இருபத்தொண்ணு."

இன்னும் 21 விநாடி குறைய வேண்டும். அடுத்த தேர்வு தை மாதத்தில். குறையுமா, குறையாதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இந்த 21 விநாடி நிஜமான 21 விநாடி. அதை அவள் பார்த்துக்கொள்வாள்.